அறுபத்தோராவது வயிற்றுவலி

“கணிப்பொறி பொய் சொல்லாது” என்று டாக்டர் பார்லா முதல் தடவை சொன்னபோது மணி பன்னிரண்டேகால். மூன்றேகாலுக்குள் அதையே ஏழு தடவை சொல்லிவிட்டார். நான் எண்ணினேன். எண்ணுவதற்கும் கார் ஓட்டுவதற்கும்தான் மாவட்டத் தணிக்கை அலுவலகம் என்னை வைத்திருக்கிறது. யோசிக்கிற வேலை ஒத்தீலியா மேடத்துக்கு.

என் பெயர் தெஜோ. இந்த வேலைக்கு வருமுன் பதினோரு வருடம் டெலிவிஷன் பெட்டி பழுதுபார்த்தவன். அதனால் கணிப்பொறி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வழக்கு என்றதும் மேடம் என்னைத்தான் கூப்பிட்டார். “உனக்கு மிஷின் தெரியும், எனக்கு மனுஷங்களத் தெரியும். மிஷின் தப்பு பண்ணியிருந்தா நீ பேசு. நான் வாயத் திறந்தேன்னா வேற எதோன்னு புரிஞ்சுக்கோ.”

வழக்கு இதுதான். நிலையத்தின் கீழ்த்தளத்தில் மூன்று அலமாரி அகலத்துக்கு ஒரு கணிப்பொறி நிற்கிறது. அதற்குப் பட்டப்பெயர் ‘பேராசிரியர்’. சூட்டியவர் பார்லாவேதான். வயிற்றுவலியோடு வருகிற ஆளின் அறிகுறிகளைக் கொடுத்தால், குடல்வால் வீங்கியிருக்கிறதா, வெறும் வாயுவா என்று பேராசிரியர் தாளில் தீர்ப்பு அடித்துத் தருவார். நவம்பர் மாதம் முழுக்க மருத்துவமனை அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்று பார்லா மேலிடத்திலிருந்து உத்தரவு வாங்கியிருந்தார்.

பத்து நாளுக்கு முன் வின்ட்செ என்ற டிராம் ஓட்டுநர் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். ‘வாயு, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று, வீட்டுக்கு அனுப்பலாம்’ என்றார் பேராசிரியர். அனுப்பினார்கள். மறுநாள் காலை குடல்வால் வெடித்தது. அறுவை மருத்துவர் ஹலாஸ் நான்கு மணி நேரம் வயிற்றைக் கழுவி, போகவிருந்த உயிரை இழுத்துப் பிடித்தார்.

கணிப்பொறி பொய் சொல்லாது அல்லவா? அப்படியென்றால் வேறு யாரோ தப்புச் செய்திருக்க வேண்டும். நாற்பது பேர் வேலை செய்கிற கட்டடத்தில், பட்டமும் சிபாரிசும் இல்லாத ஒரு ஆளைக் கண்டுபிடிக்க பார்லாவுக்கு அரை மணி நேரம்தான் ஆயிற்று. கணிப்பொறிக்கு விவரம் ஊட்டுவதற்காக அட்டை துளைக்கும் பிரோஷ்கா. ஒன்பது வருடமாக அதே நாற்காலி. அவள் அட்டைகளைத் தப்பாகத் துளைத்துவிட்டாள், அதனால்தான் பேராசிரியர் தடுமாறினார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று மணிக்கு ஒழுங்கு விசாரணைக் குழு கூடுகிறது. வேலை போவது நிச்சயம். கோப்பு அரசு வழக்கறிஞரிடம் போனால் கவனக்குறைவால் உடற்சேதம் என்று இரண்டு வருடம் உள்ளே இருக்க வேண்டியதுதான்.

பார்லாவின் அறைக் கதவில் ஒரு பித்தளைப் பலகை. ‘டாக்டர் பார்லா விர்ஜில்’ என்று முதல் வரி. அதற்குக் கீழே நான்கு வரிக்குப் பட்டங்கள். கடைசிப் பட்டத்துக்கு இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கியிருந்தார்கள்.

உள்ளே அவர் எங்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். முந்நூறு நோயாளிகளின் விவரம் காந்த நாடாவில் இருக்கிறது, பேராசிரியர் அதிலிருந்து கற்றுக்கொண்டார், தன்னைத்தானே சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்கு எண்பது சரி என்றார். எண்பது வந்தால் பெரிய கணிப்பொறி தருவதாக அமைச்சகம் சொல்லியிருக்கிறதாம். முந்நூறு பேரின் பெயர்களைக் காட்டுங்கள் என்று மேடம் கேட்டதும் அவர் முகம் கோயில் கதவு மாதிரி சாத்திக்கொண்டது. நோயாளிகளின் ரகசியமாம். பெயர்க் கோப்பைத் திறக்கிற ரகசியச் சொல் தனக்கு மட்டும்தான் தெரியுமாம். ஐரோப்பாவிலேயே இப்படியொரு பாதுகாப்பு கிடையாதாம்.

அன்று காலை ஹலாஸ் மருத்துவர் எங்களிடம் சொன்ன ஒரு விஷயம் மேடத்தின் கைப்பையில் குறிப்பாக இருந்தது. இரண்டு வருடத்தில் அவர் தன் கைப்பட எழுதி அனுப்பிய நோயாளிகள் இருநூற்று நாற்பது பேர்தான். மிச்சம் அறுபது பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று மேடம் கேட்டார். பக்கத்து மாவட்ட மருத்துவமனையிலிருந்து என்றார் பார்லா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். நான் கீழே போய் டிரங்க் கால் போட்டேன். அங்கே பதிவேட்டு அறையை வெள்ளிக்கிழமை மதியமே பூட்டிவிடுவார்களாம். திங்கட்கிழமை கூப்பிடுங்கள் என்றாள் ஒரு பெண். அன்றுதான் வெள்ளிக்கிழமை, நவம்பர் பதினேழு. பிரோஷ்காவுக்குத் திங்கட்கிழமை என்று ஒன்று இல்லை.

“பசிக்குது மேடம்” என்றேன். “வெறும் வயித்துல இருந்தா பேராசிரியர் என்னையும் வாயுன்னு சொல்லி அனுப்பிடுவாரு.”

கேன்டீனில் அன்று பண்டிகை. பரிமாறும் ஹொர்தென்சியாவின் பெயர்நாள். எங்கள் நாட்காட்டியில் தேதிக்கு ஒரு பெயர் அச்சடித்திருக்கும்; அந்தப் பெயர்க்காரர் அன்று எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும். பிறந்தநாளை வீட்டார் நினைவில் வைத்தால் போதும். பெயர்நாளை மறந்தால் அலுவலகமே முகம் கொடுக்காது. ஹொர்தென்சியா ஒரு தட்டு நிறையப் பொகாச்சா சுட்டு வைத்திருந்தாள். பாலாடைக்கட்டி போட்ட சின்ன உப்பு ரொட்டி. ஒன்று தின்றால் கை தானாக அடுத்ததுக்குப் போகும். நான் நாலு தின்றேன். காவலாளி எதென் சட்டைப் பொத்தானில் வாடிய பூவோடு இன்னொரு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

“நேத்து அவரு குடுத்த ப்ளம் சாராயம் இன்னும் இறங்கல” என்றாள் ஹொர்தென்சியா. “இந்த மாசம் முழுக்க இப்படித்தான். ஆறாந்தேதி லேனார்ட் தோழர் சாக்லேட் குடுத்தாரு. நேத்து எதென், இன்னைக்கு நான். இருபத்திரண்டாந்தேதி பார்லா டாக்டர் சம்சாரம் செசீலியாம்மா கேக் அனுப்புவாங்க. டாக்டர் மட்டும் ஒண்ணும் குடுக்க மாட்டாரு. நான் என்ன சமையக்காரனான்னு கேப்பாரு.”

லேனார்ட் என்பவர் நிலையத்தின் கட்சிச் செயலாளர். மூன்று மணிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். நல்ல மனிதர் என்று பெயர். அதாவது கடைசியாகப் பேசியவர் சொன்னதை நம்புவார்.

துளையிடும் அறை படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. இரண்டு மிஷின், இரண்டு பெண்கள், சுவரோரம் இரும்பு இழுப்பறைகள். கதவுக்குப் பின்னால் கூட்டுறவுக் கடை நாட்காட்டி. பிரோஷ்கா முப்பத்தெட்டு வயதுக்காரி. விரல் நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். அழுது முடித்த முகம் என்று எதிர்பார்த்துப் போனேன். அப்படியொன்றும் இல்லை.

“டாக்டர் பாஷையில என் பேரு உள்ளீட்டுப் பிழைங்க” என்றாள். “உக்காருங்க. ஒரு நாற்காலிதான் இருக்கு. சாயங்காலம் இன்னொண்ணும் காலியாயிடும்.”

இழுப்பறைகளைப் பார்த்ததும் மேடத்தின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அவர் சிரிப்பது அப்படித்தான். “இதெல்லாம் அந்த முந்நூறு பேரோட அட்டைங்களாம்மா?”

“ஆமாங்க. நாடாவுக்குப் போனதும் இங்க வந்துடும்.”

“பேரு இருக்குமா?”

“மொதல் அட்டையில மேல அச்சாகியிருக்கும்.”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முன்வாசலுக்கு ஏழு பூட்டு, கொல்லைப்புறத்துக்கு ஒரு ஓலைப்படல் என்பார்களே, அது இதுதான். ஐரோப்பாவின் தலைசிறந்த ரகசியச் சொல் நாடாவைக் காக்கிறது. அந்த நாடாவுக்குத் தாயான அட்டைகள் மாடிப்படிக்கு அடியில், பூட்டில்லாத இழுப்பறையில், துடைப்பத்துக்குப் பக்கத்தில்.

முதலில் பிரோஷ்கா தப்புச் செய்தாளா என்று பார்த்தோம். இந்த இடத்தில் அட்டை வேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். எனக்கே அப்போதுதான் தெரிந்தது, தெரிந்ததும் ஆசையாகிவிட்டது. படிவத்தைப் பார்த்து பிரோஷ்கா விசைகளைத் தட்டுவாள். அட்டையில் எழுத்துக்கு ஒரு வரிசையாகத் துளை விழும். அதோடு முடியவில்லை. அதே அட்டையும் அதே படிவமும் எதிர் நாற்காலியில் இருக்கும் எமெஷேயிடம் போகும். அவள் மிஷின் துளையிடாது. அவள் மறுபடி முழுக்கத் தட்டுவாள்; தட்டியதும் துளையும் ஒத்துப்போகிறதா என்று மிஷின் பார்க்கும். ஒரு எழுத்து மாறினாலும் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். கடைசி வரை ஒத்துப்போனால் மட்டும் அட்டையின் வலது ஓரத்தில் அரைநிலா மாதிரி ஒரு சின்ன வெட்டு விழும். அந்த வெட்டு இருந்தால் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து ஒரே விஷயத்தைத் தட்டினார்கள் என்று பொருள்.

நான் ஒவ்வொரு அட்டைக் கட்டாக எடுத்து வலது ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினேன். எல்லா அட்டையிலும் வெட்டு. விரல் ஒரே பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு நோயாளிக்கு நாலு அட்டை, ஆக ஆயிரத்து இருநூறு அட்டை. ஒன்றுகூட வெட்டு இல்லாமல் இல்லை.

“அப்ப படிவத்துல என்ன இருந்துதோ அதுதான் அட்டையில இருக்கு” என்றார் மேடம். “படிவம் எங்க?”

அறுபது பேரின் படிவங்களை பார்லா ஆளனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டதாகச் சொன்னாள் பிரோஷ்கா. வாங்கியதற்குக் கையெழுத்து உண்டா என்று கேட்டேன். டாக்டரிடம் கையெழுத்துக் கேட்கிற ஆள் இந்தக் கட்டடத்தில் வேலை செய்ய மாட்டாள் என்றாள். பார்லாவோ அவற்றை அவள்தான் தொலைத்துவிட்டாள் என்று எழுதியிருந்தார்.

மேடம் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, இருநூற்று நாற்பத்தொன்றாம் நோயாளியிலிருந்து படி என்றார். அட்டைக் கட்டின் தலையில் பென்சிலால் ஒரு சாய்கோடு இழுத்திருந்தது. கட்டு கீழே விழுந்து கலைந்தாலும் கோட்டை வைத்து வரிசையாக அடுக்கிவிடலாம். கோடு உடையாமல் இருந்தது. யாரும் கலைக்கவில்லை. முதலில் நோயைப் படித்தேன். வாயு. வாயு. வாயு. அறுபது பேருக்கும் வலது அடிவயிற்றில் வலி, இரண்டு தடவை வாந்தி, லேசான காய்ச்சல். அறுபது பேருக்கும் வாயு. அறுபது பேரும் மறுநாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

“அந்த மாவட்டத்துல அவரக்காய் விளைச்சல் அமோகம் போல மேடம்.”

டிராம் ஓட்டுநருக்கு என்ன நடந்தது என்று எனக்கு அங்கேயே புரிந்தது. பேராசிரியருக்கு வயிறு என்றால் என்னவென்று தெரியாது. அவருக்கு எண்ணத்தான் தெரியும். ‘இதே மாதிரி வலி, வாந்தி, காய்ச்சலோடு இதுவரை எத்தனை பேர் வந்தார்கள்? அதில் எத்தனை பேருக்குக் குடல்வால், எத்தனை பேருக்கு வாயு?’ எந்தப் பக்கம் தலை அதிகமோ அந்தப் பக்கம் தீர்ப்பு. நேர்மையான தராசுதான். ஆனால் ஒரு தட்டில் அறுபது கல்லை யாரோ வைத்துவிட்டார்கள். ஏன் வைத்தார்கள் என்பதும் கணக்குதான். பார்லா சொன்ன எண்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், உண்மையான இருநூற்று நாற்பதில் பேராசிரியர் சரியாகச் சொன்னது நூற்றெண்பதுதான்; நூற்றுக்கு எழுபத்தைந்து. ஒரே அச்சில் வார்த்த அறுபது சுலபமான வாயுவைச் சேர்த்தால் முந்நூறுக்கு இருநூற்று நாற்பது. நூற்றுக்கு எண்பது. அமைச்சகம் கேட்ட எண்.

“பொய்னு எனக்கும் தெரியுது” என்றார் மேடம். “மூணு மணிக்கு நிரூபிக்கணும். பேரைப் படி.”

படித்தேன். ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். குடும்பப் பெயர்களை யாரோ மெனக்கெட்டுக் கலந்திருந்தார்கள். இருநூற்று எண்பத்தேழு, சர்க்கா எதென். இருநூற்று எண்பத்தெட்டு, வீக் ஹொர்தென்சியா.

“பாருங்க, கேன்டீனே அட்மிட் ஆயிருக்கு” என்றேன்.

மேடத்தின் சிகரெட் உதட்டுக்குப் போகிற வழியில் நின்றது. “அடுத்த அட்டைய எடுக்காத. யேனோ.”

எடுத்தேன். ஃபியூலெப் யேனோ.

“எர்ஜெபெத்.”

எர்ஜெபெத். பிறகு யோலான், அதற்குப் பிறகு ஒலிவேர். மேடம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டே போக நான் அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தேன். எமெஷே சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. என் தலைக்கு மேலே, கதவுக்குப் பின்னால் தொங்கிய கூட்டுறவுக் கடை நாட்காட்டியைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார். பதினாறு எதென், பதினேழு ஹொர்தென்சியா, பதினெட்டு யேனோ.

இருநூற்று நாற்பத்தொன்றாம் நோயாளி மால்வின், அக்டோபர் ஒன்று. முந்நூறாம் நோயாளி ஆந்த்ராஷ், நவம்பர் முப்பது. அறுபது பொய்யான மனிதர்களுக்குப் பெயர் வேண்டியிருந்தது. நான்கு வரி பட்டம் வாங்கிய மூளைக்கு அறுபது பெயர் யோசிக்கச் சோம்பல். சுவரைப் பார்த்து எழுதிவிட்டது.

இதைத் தட்டும்போது உனக்குத் தோன்றவில்லையா என்று பிரோஷ்காவைக் கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “மணிக்கு எட்டாயிரம் எழுத்துங்க. கண்ணுலேர்ந்து நேரா விரலுக்குப் போகும். நடுவுல தலைக்குள்ள போய்ட்டு வந்தா தப்பாயிடும்.”

வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்து நான் கோட்டை மாட்டிக்கொண்டேன். மேடம் எழுந்திருக்கவில்லை. என் அறிவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத வேண்டாம். அறுபது பேரும் பொய் என்று காட்டினால் பார்லா என்ன சொல்வார்? நான் உண்மையான படிவம்தான் கொடுத்தேன், இவள் தொலைத்துவிட்டு, பயந்துபோய் நாட்காட்டியைப் பார்த்துத் தானே புனைந்துவிட்டாள் என்பார். நாட்காட்டி தொங்குவது யார் அறையில்? அட்டையைத் துளைத்தது யார் விரல்? இவ்வளவு நேரம் நாங்கள் தேடிக் கண்டுபிடித்தது பிரோஷ்காவுக்குச் சிறைக்கதவைத் திறந்துவிடுகிற சாவி.

பிரோஷ்கா இதை எங்களுக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தாள். மிஷினுக்கு உறையைப் போட்டு மூடினாள். தண்ணீர்க் குவளையைக் கழுவிப் பைக்குள் வைத்தாள். மணி இரண்டே முக்கால்.

“தெஜோ” என்றார் மேடம். “அக்டோபருக்கு எத்தன நாள்?”

“முப்பத்தொண்ணு.”

“நவம்பருக்கு?”

“முப்பது.” சொல்லி முடிக்குமுன் என் வாய் திறந்தபடியே நின்றது. அறுபத்தொன்று. நாட்காட்டியில் அறுபத்தொரு நாள், இழுப்பறையில் அறுபது வயிற்றுவலி. யாரோ ஒருவர் தப்பித்திருக்கிறார்.

ஒரு கையில் நாட்காட்டி, மறு கையில் அட்டைக் கட்டு. விரலால் ஒவ்வொரு தேதியாகத் தொட்டுக்கொண்டு வந்தேன். நவம்பர் இருபத்தாறு வரை பிசகில்லை. அடுத்த தேதியில் என் விரல் நின்றது. அங்கே அச்சடித்திருந்த பெயரைப் படித்தேன். பிறகு மேடத்தைப் பார்த்தேன். உதடு மறுபடி ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

குழு மாடியில் கூடியது. நடுவில் லேனார்ட் தோழர், இரண்டு பக்கமும் தலையாட்டுவதற்கு இரண்டு பேர். பிரோஷ்காவுக்குச் சுவரோரம் ஒரு முக்காலி. பார்லா பத்து நிமிடம் பேசினார். தன் மூளையையும் பேராசிரியரின் நினைவகத்தையும் புகழ்ந்தார். படிப்பில்லாதவர்கள் கையில் அறிவியல் படுகிற பாட்டை எண்ணி வருந்தினார். கணிப்பொறி பொய் சொல்லாது என்று ஏழாவது தடவை சொல்லி உட்கார்ந்தார்.

மேடம் ஒரு அட்டையை லேனார்ட் முன்னால் வைத்து, மேலே அச்சாகியிருப்பதைப் படிக்கச் சொன்னார்.

“இருநூத்தி எழுபத்தேழு. கோச்சிஷ் லேனார்ட்” என்று படித்தார் அவர். “ஆண். ஐம்பத்துநாலு வயசு. வாயு.” நிமிர்ந்தார். “எனக்கும் ஐம்பத்துநாலுதான்.”

வலது பக்கத்துத் தலையாட்டி இருமினார். அது சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு மேடம் அவசரப்படவில்லை. எதெனின் அட்டை, ஹொர்தென்சியாவின் அட்டை, செசீலியாவின் அட்டை என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்து, பக்கத்தில் நாட்காட்டியை விரித்தார். அறுபது பேரும் பெயர்நாள் வரிசையில் நோய்வாய்ப்பட்ட அதிசயத்தை விளக்கினார். லேனார்ட் நாட்காட்டியையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். காது சிவந்துகொண்டே வந்தது.

பார்லா சரியான நேரத்தில் எழுந்தார். நாங்கள் நினைத்ததைவிட நன்றாகவே பேசினார். இது அப்பட்டமான மோசடி என்றார். துளையிடும் அறையில்தானே இந்த நாட்காட்டி தொங்குகிறது, படிவத்தைத் தொலைத்துவிட்டு இந்தப் பெண் செய்த வேலை இது என்று விரலை நீட்டினார். குழு முக்காலியைப் பார்த்தது. பிரோஷ்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கலாம்” என்றார் மேடம். “ரெண்டு மாசத்துக்கு அறுபத்தோரு நாள். அட்டை அறுபதுதான் இருக்கு. செஞ்சவங்க ஒரு பேர விட்டுட்டாங்க. லேனார்ட் தோழர், இருபத்தேழாந்தேதி என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிங்க.”

லேனார்ட் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “விர்ஜில்.”

கதவு திறந்திருந்தது. எதிர் அறையின் பித்தளைப் பலகை அங்கிருந்தே தெரிந்தது.

“வாட்ச்மேனுக்கு வாயு, கேன்டீன்காரம்மாவுக்கு வாயு, கட்சிச் செயலாளருக்கு வாயு” என்றார் மேடம். “கட்டின பொண்டாட்டி பேரக்கூட விடல. விர்ஜிலுக்கு மட்டும் வயிறு கல்லு மாதிரி இருந்திருக்கு. பிரோஷ்கா இதச் செஞ்சிருந்தா அந்தப் பேர விட்டிருப்பாளா? சந்தோஷமா சேத்திருப்பா. ரெண்டு தடவ சேத்திருப்பா.”

“அபத்தம்” என்றார் பார்லா. முகத்தில் வேர்வை. கெட்டிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தங்கள் வேலையில் யாராவது குறை சொன்னால், அது திருட்டு வேலையாகவே இருந்தாலும், விளக்காமல் இருக்க முடியாது. “விர்ஜில்ங்கிறது ரொம்ப அபூர்வமான பேரு. சாதாரண நோயாளிக்கு யாரு அந்தப் பேர் வைப்பாங்க? அதப் போட்டிருந்தா நம்பியிருக்கவே மாட்டாங்க.”

மேடம் சிகரெட்டை மெதுவாக அணைத்தார். “யாரு டாக்டர் நம்பியிருக்க மாட்டாங்க?”

நவம்பர் இரண்டாம் தேதிக்காரன் அட்டையை நான் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இருநூற்று எழுபத்துமூன்று, போகோ அகில்லெஸ், பன்றிப் பண்ணைத் தொழிலாளி. இது மட்டும் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கிற பெயரா என்று கேட்டேன். கணிப்பொறி பொய் சொல்லாது என்று அவர் எட்டாவது தடவை சொல்லவில்லை.

லேனார்ட் கடைசியாகப் பேசியவரை நம்புகிற மனிதர் என்றேன் அல்லவா? எங்கள் கேள்விகளைத் தள்ளிவிட்டால், இந்த முறை கடைசியாகப் பேசியது பார்லாதான். அவரை லேனார்ட் முழுக்க நம்பினார். கோப்பின் மேலே இருந்த பிரோஷ்கா பெயரை அடித்தார். புதுக் கோப்புக்குக்கூட ஆளனுப்பவில்லை; அதே கோப்பில், அடித்த பெயருக்குக் கீழே, பார்லா விர்ஜில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் ஹலாஸ் மருத்துவருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். பேராசிரியர் தீர்ப்புப்படி அன்று காலை வீட்டுக்கு அனுப்பிய இரண்டு பேரையும் உடனே திரும்ப அழைத்து வரச் சொல்லி ஆம்புலன்ஸ் அனுப்பினார். அதில் ஒருவருக்கு, ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு, வாயு இல்லை.

நாங்கள் கிளம்புமுன் படிக்கட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தோம். தண்ணீர்க் குவளை மறுபடி மேசைக்கு வந்திருந்தது. மிஷின் உறையை எடுத்துவிட்டு பிரோஷ்கா எதையோ தட்டினாள், அரை நிமிடம். அட்டையை எதிர் நாற்காலிக்கு நீட்டினாள். எமெஷேயும் தட்டினாள். சிவப்பு விளக்கு எரியவில்லை.

“வழியில படிங்க” என்று என் கையில் கொடுத்தாள் பிரோஷ்கா.

காரில் ஏறியதும் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு; நவம்பர் இருபத்தேழுக்கு வந்திருக்க வேண்டிய எண். பார்லா விர்ஜில். ஆண். வாயு, நூற்றுக்கு நூறு. வீட்டுக்கு அனுப்பலாம்.

வலது ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினேன். வெட்டு இருந்தது.